எமது இளையோருக்கு எதைக் கையளிக்கப் போகிறோம்?

காலபோக அறுவடை முடிந்திருந்த ஒரு சனிக்கிழமை மாலை. கட்டுக்கரைக்குளத்தின் கீழுள்ள ஒரு சிற்றூரில், ஆலய முற்றத்து வேம்பின் கீழ் இருபது வரையான பிள்ளைகள் வட்டமாக அமர்ந்திருந்தார்கள். வீதியால் சைக்கிளில் போன பெரியவர் ஒருவர் இறங்கி, சைக்கிளை மதிலில் சாத்திவிட்டு எம்மிடம் வந்தார்.

"சுவாமி, குறை நினைக்கக் கூடாது. கிழமைக்குக் கிழமை இந்தப் பிள்ளையளைக் கூப்பிட்டு இருத்தி என்னதான் செய்யிறியள்? செபம் எண்டால் கோயிலுக்குள்ளை சொல்லலாம். விளையாட்டு எண்டால் பள்ளிக்கூடத்திலை இருக்கு. வீட்டிலை மாடு அவிழ்த்துக் கட்ட ஆளில்லை."

நாம் ஆன்மீக உருவாக்கம், ஆளுமை வளர்ச்சி என்று ஏதோ சொன்னோம். அவர் மரியாதைக்குத் தலையை ஆட்டிவிட்டுப் போனார். அந்தப் பதில் அவருக்கும் போதவில்லை, எமக்கும் போதவில்லை. அவரைப் போன்ற ஒரு தந்தைக்கு, நிலத்தையும் வீட்டையும் விட்டு ஓடி, திரும்பி வந்து, மீண்டும் ஓடிய ஒருவருக்கு, இன்னும் நேர்மையான பதிலைச் சொல்லக் கடமைப்பட்டுள்ளோம். இக்கட்டுரை அதற்கான முயற்சியாகும்.

இழந்தது வீடு மட்டுமல்ல

எமது இடப்பெயர்வின் கதையை நீங்கள் எம்மைவிட நன்றாக அறிவீர்கள். 1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டபோது மன்னார்க் கரையிலிருந்து ஆயிரக்கணக்கானோர் படகேறி இராமேசுவரத்திற்கும் மண்டபம் முகாமுக்கும் சென்றனர். அதே ஆண்டு ஒக்டோபரில் எமது முஸ்லிம் அயலவர்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டுப் புத்தளம், கற்பிட்டிப் பக்கங்களில் தஞ்சமடைந்தனர். மடு ஆலயச் சூழல் பல்லாயிரம் பேரின் முகாமாயிற்று. அங்கும் பேசாலையிலும் ஐக்கிய நாடுகள் அகதிகளுக்கான உயர் ஆணையகம் நிவாரண நிலையங்களை நடத்தியது. 1999 நவம்பர் 20ஆந் திகதி இரவு அந்த மடு வளாகத்திலேயே எறிகணை விழுந்து, அடைக்கலம் தேடியிருந்த ஏறக்குறைய 40 பேர் உயிரிழந்தார்கள். அவர்களுள் சிறுவர்களும் இருந்தார்கள். 2007இல் முசலிப் பகுதி மக்களும், 2008இல் மாந்தை மேற்கு மக்களும் வெளியேறினர். அவர்களில் பலரது நடை 2009இல் செட்டிகுளத்து மெனிக் பாம் முள்வேலிக்குள் முடிந்தது.

வீடு, மாடு, விதைநெல், உறுதி, உயிர் என்று இழப்புகளின் பட்டியல் நீளமானது. அந்தப் பட்டியலில் பெரும்பாலும் எழுதப்படாத ஓர் இழப்பும் உண்டு. அது கையளித்தல்.

முன்பு எமது பக்கத்தில் ஒரு விவசாயியின் பிள்ளை எப்படி வளர்ந்தது? அருவி ஆற்றின் நீர் தேக்கம் அணையால் திருப்பப்பட்டுக் கட்டுக்கரைக்குளத்திற்கு வருகிறது. ஐந்தாம் நூற்றாண்டில் தாதுசேனன் காலத்தில் கட்டப்பட்டதாகச் சொல்லப்படும் அந்தக் குளத்தை நம்பி 20,000 ஏக்கருக்கும் மேற்பட்ட வயல்களும், நூற்றுக்கு மேற்பட்ட சிறு குளங்களும் உள்ளன. இந்த நீரின் வழியை எந்தப் பாடப் புத்தகமும் பிள்ளைக்குச் சொல்லவில்லை. எட்டு வயதில் தந்தையின் பின்னால் வரம்பில் நடந்தது. பன்னிரண்டு வயதில் இரவுத் தண்ணீர் பார்க்க லாம்புடன் கூடப் போனது. பதினைந்தில் காவற்கொட்டிலில் தனியே இருந்து பன்றி கலைத்தது. எந்த வாய்க்காலில் யாருக்கு முறை, எந்த வரம்பில் யாருடன் பழைய வழக்கு, மழை பிந்தினால் எந்த நெல்லை விதைப்பது என்பதெல்லாம் அப்படி நடந்து நடந்தே தெரிந்துகொண்டவை. இப்படித்தான் ஒரு தலைமுறை மற்றொரு தலைமுறைக்குத் தன்னைக் கையளித்தது.

முகாமில் வரம்பு இல்லை, வாய்க்கால் இல்லை. தந்தை பங்கீட்டு அட்டையுடன் நிரையில் நின்றார். பிள்ளை அவரை அங்கேதான் கண்டது. ஏர் பிடித்த கையை அது காணவில்லை. பெயர் கூப்பிடும் வரை காத்திருந்து கையொப்பமிடும் கையையே கண்டது. பிள்ளைக்கு முன்னால் தந்தை சிறுத்துப் போனார். தந்தையரே, இது உங்கள் குற்றம் அல்ல. ஆனால் இதன் காயம் இன்னும் ஆறவில்லை என்பதை மறைத்துப் பேசுவதில் பயனில்லை.

இதற்கு மேலாக, பதின்ம வயது என்பதே எமது மண்ணில் ஒரு ஆபத்தான வயதாக மாறியது. 2006இன் பின் விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதிகளில் கட்டாய ஆட்சேர்ப்புக்கு அஞ்சிப் பிள்ளைகளைப் பதுக்கினோம். பதினாறு, பதினேழு வயதில் அவசர அவசரமாகத் தாலி கட்டி வைத்தோம். இராணுவக் கட்டுப்பாட்டுப் பகுதியில் சுற்றிவளைப்புக்கும், கைதுக்கும், காணாமற் போவதற்கும் அஞ்சினோம். எங்கிருந்தாலும் பெற்றோரின் ஒரே புத்திமதி, "வாயைப் பொத்திக்கொண்டு வீட்டுக்குள்ளை இரு" என்பதாகவே இருந்தது. அன்று அது உயிர் காத்த புத்திமதி. அதைக் கேட்டு வளர்ந்தவர்கள் இன்று தாய் தந்தையர். 2008, 2009இல் ஓட்டத்தின் நடுவே பிறந்த குழந்தைகள் இன்று உயர்தர வகுப்பு வயதை எட்டியிருக்கிறார்கள். எறிகணை ஓய்ந்த பின்னும் அதே புத்திமதியைத்தான் அவர்களுக்குக் கொடுக்கப் போகிறோமா?

நாம் செய்த தவறு

மீள்குடியேற்றத்தின் முதல் ஆண்டுகளில் நாம் இளையோர் பணியை உற்சாகமாகவே தொடங்கினோம். தரப்பாள் கூரையின் கீழும் கருத்தரங்கு நடத்தினோம். வெளியிலிருந்து பேச்சாளரை அழைத்து வந்தோம். காலையில் பதிவு, பின்பு மூன்று மணி நேர உரை, மதியம் சாப்பாட்டுப் பார்சல், மாலையில் பரிசளிப்பு. முதல் கூட்டத்திற்கு எண்பது பேர் வந்தார்கள். நான்காம் கூட்டத்திற்குப் பதினொரு பேர்.

பிள்ளைகள் கெட்டுப் போய்விட்டார்கள், தொலைக்காட்சியும் கைத்தொலைபேசியும் அவர்களைக் கொண்டு போய்விட்டன என்று நாமும் மற்றவர்களைப் போலவே புலம்பினோம். அப்போது வந்திருந்த பதினொருவரில் ஒரு பெண்பிள்ளை, தயங்கித் தயங்கிச் சொன்னாள்: "பாதர், முகாமிலையும் நிரையிலை இருந்து மற்றவை சொல்லுறதைக் கேட்டம். இங்கையும் நிரையிலை இருந்து கேக்கிறம்."

அன்றிரவு எமக்கு உறக்கம் வரவில்லை. அவள் சொன்னது உண்மை. நிவாரணம் கொடுப்பவர்கள் மக்களை நடத்திய அதே முறையில் நாம் நற்செய்தியையும் கொடுத்துக்கொண்டிருந்தோம். அவர்கள் பெறுபவர்கள், நாம் கொடுப்பவர்கள். இதில் இளையோரின் பங்கு என்ன? கையை நீட்டுவது மட்டும்தான்.

இடம்பெயர்ந்த ஓர் இளையோர் மன்றம்

இவ்வேளையில் நாம் குருமடத்தில் படித்து மறந்திருந்த இரண்டு குருக்களின் வாழ்வை மீண்டும் எடுத்துப் படித்தோம்.

ஒருவர் புனித தொன் போஸ்கோ. 1815இல் வட இத்தாலியின் பெக்கி என்னும் குக்கிராமத்தில் ஓர் ஏழை விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். இரண்டு வயதில் தந்தையை இழந்தார். பன்னிரண்டு வயதளவில் வீட்டை விட்டு, பிறருடைய பண்ணையில் வேலைக்காரச் சிறுவனாகப் போய்ச் சேர்ந்தார். பின்னர் குருவாகித் தூரின் நகருக்கு வந்தபோது, கிராமங்களிலிருந்து பிழைப்புத் தேடி வந்து கட்டட வேலையிலும் தெருவிலும் சிறைகளிலும் கிடந்த இளைஞரைக் கண்டார். 1841 டிசம்பர் 8ஆந் திகதி ஓர் அநாதை இளைஞனுடன் தமது பணியைத் தொடங்கினார்.

அதன்பின் நடந்ததை எமது வாசகர்கள் கவனிக்க வேண்டும். பிள்ளைகள் பெருகப் பெருக, அவர்களுக்கு இடம் கிடைக்கவில்லை. சத்தம் போடுகிறார்கள் என்று ஓரிடத்தில் துரத்தினார்கள். அழுக்காக்குகிறார்கள் என்று மற்றோரிடத்தில் துரத்தினார்கள். ஓர் ஆலயம், ஒரு மாவாலை வளாகம், ஒரு கல்லறைத் தோட்டம், வாடகை அறைகள் என்று அந்த மன்றம் ஊர் சுற்றியது. கடைசியில் ஒரு புல்வெளியை வாடகைக்கு எடுத்தார்கள். புல் மிதிபட்டு வேர் வரை செத்துவிட்டது என்று அங்கிருந்தும் போகச் சொன்னார்கள். 1846ஆம் ஆண்டு உயிர்ப்புப் பெருவிழாவன்றுதான் வல்தோக்கோ என்னுமிடத்தில் ஒரு பழைய கொட்டில் நிலையான இடமாகக் கிடைத்தது. இன்று உலகெங்கும் பரந்துள்ள சலேசியர் பணியின் தொட்டில் அந்தக் கொட்டில்தான்.

இடம்பெயர்ந்தவர்களுக்கு இளையோர் பணி பின்பு பார்த்துக்கொள்ளலாம், முதலில் கட்டடம் வரட்டும், மண்டபம் வரட்டும் என்று சொல்வோருக்கு இது பதிலாகும். மண்டபம் வரும்வரை பிள்ளைகள் பதினைந்து வயதிலேயே நிற்கமாட்டார்கள்.

எமது தாய்மாருக்கும் இதில் ஒரு செய்தி உண்டு. தொன் போஸ்கோவின் தாய் மார்கரீத்தா, எழுத்தறிவில்லாத விவசாயப் பெண். 1846இன் இறுதியில் கிராமத்து வீட்டை விட்டு வந்து, மகனுடைய பிள்ளைகளுக்குச் சமைத்தார், தைத்தார், காய்கறித் தோட்டம் போட்டார். பிள்ளைகள் அந்தத் தோட்டத்தை ஒருநாள் மிதித்து நாசமாக்கியபோது, "இனி என்னால் ஏலாது, ஊருக்குப் போகிறேன்" என்ற நிலைக்கு வந்தார். மகன் பதில் பேசாமல் சுவரிலிருந்த சிலுவையைக் காட்ட, அவர் தங்கிவிட்டார் என்பார்கள். பிள்ளைகள் மிதித்த பாத்தியை மறுபடி கொத்தும் பொறுமை இல்லாமல் இளையோர் பணி இல்லை.

பார், தீர்ப்பிடு, செயற்படு

மற்றவர் பெல்ஜிய நாட்டுக் குரு யோசேப் கார்டைன். 1882இல் புரூசல்ஸ் நகரருகே எளிய குடும்பத்தில் பிறந்தார். சிறிய குருமடத்தில் சேர்ந்து விடுமுறைக்கு வீடு திரும்பியபோது, கூடப் படித்த நண்பர்கள் ஆலைத் தொழிலாளராகியிருந்தார்கள். அவர்கள் அவரை அந்நியனாகப் பார்த்தார்கள். "நீ படித்தவன், பாதிரியார் பக்கம்" என்ற அந்தப் பார்வை அவரை வாழ்நாள் முழுவதும் சுட்டது. தம்மைப் படிப்பிக்க உழைத்துத் தேய்ந்த தந்தையின் மரணப் படுக்கையருகே, தொழிலாளருக்காகவே வாழ்வதென்று உறுதி பூண்டார். 1925இல் அவர் உருவாக்கிய இளம் கிறிஸ்தவத் தொழிலாளர் இயக்கமும், அதே வழியில் பின்பு வளர்ந்த இளம் கிறிஸ்தவ மாணவர் இயக்கமும் எமது நாட்டுக்கும் வந்தன. 1965இல் கர்தினாலாக உயர்த்தப்பட்ட அவர் 1967இல் இறந்தார்.

அவர் தந்த முறை மூன்று சொற்களில் அடங்கும்: பார், தீர்ப்பிடு, செயற்படு. 1961இல் திருத்தந்தை 23ஆம் யோவான் 'தாயும் ஆசிரியையும்' என்னும் சுற்றுமடலில் இம்முறையை இளையோருக்குச் சிறப்பாகப் பரிந்துரைத்தார்.

இது ஏதோ ஐரோப்பியக் கல்விமுறை என்று நினைக்க வேண்டாம். விவசாயி நாள்தோறும் செய்வது இதுதான். விடிய எழுந்து வயலைச் சுற்றிப் பார்க்கிறார். இலை ஏன் மஞ்சளித்தது, தண்ணீரா, பசளையா, பூச்சியா என்று யோசித்து முடிவு செய்கிறார். பிறகு மண்வெட்டியை எடுக்கிறார். பார்க்காமல் மருந்தடிப்பவன் கடன்படுவான். பார்த்துவிட்டு வீட்டில் இருப்பவன் பட்டினி கிடப்பான். வயலில் உள்ள இந்த ஒழுங்கை, பிள்ளைகள் தங்கள் வாழ்வின்மேல் பிரயோகிக்கப் பழகுவதே இம்முறை.

எமது சனிக்கிழமைக் கூட்டம் இப்போது இப்படி நடக்கிறது. நேரம் ஒன்றரை மணித்தியாலம். ஒரு பாடல், சிறு மன்றாட்டு. சென்ற கிழமை எடுத்த தீர்மானத்தைச் செய்தோமா என்ற விசாரணை. பின்பு "பார்": இந்தக் கிழமை ஊரில், வீட்டில், பாடசாலையில் கண்டது என்ன? கேள்விப்பட்டதைச் சொல்லக் கூடாது, கண்டதையே சொல்ல வேண்டும். அடுத்து "தீர்ப்பிடு": அது ஏன் நடக்கிறது, யார் பாதிக்கப்படுகிறார்கள், இறைவார்த்தை என்ன சொல்கிறது? விவிலியத்தை ஒருவர் வாசிப்பார், எல்லோரும் மௌனமாக இருப்போம், பின்பு பேசுவோம். கடைசியில் "செயற்படு": அடுத்த கிழமைக்குள் எம்மால் செய்யக்கூடிய ஒன்று எது? பெரிதாக இருக்கத் தேவையில்லை, ஆனால் பெயர் சொல்லி ஒருவர் பொறுப்பேற்க வேண்டும். நடத்துபவர் அவர்களில் ஒருவர். நாம் வட்டத்தில் ஓர் ஓரத்தில் அமர்ந்திருப்போம். வாயைக் கட்டிக்கொண்டிருப்பது குருவுக்கு மிகக் கடினமான தவமுயற்சி என்பதை நாம் அங்கேதான் அறிந்தோம்.

மூன்று சைக்கிள்களின் கதை

ஒரு ஊரில் பிள்ளைகள் எடுத்துக்கொண்ட முதல் கேள்வி: சாதாரண தரத்திற்கு முன்பே ஏன் சிலர் பாடசாலையை விடுகிறார்கள்? பெரியவர்களாகிய எம்மிடம் தயாராகப் பதில் இருந்தது: படிப்பில் அக்கறை இல்லை, பெற்றோருக்குப் பொறுப்பில்லை. பிள்ளைகள் இரண்டு இரண்டு பேராக வீடுகளுக்குப் போனார்கள். திரும்பி வந்து சொன்னது வேறு. இடையில் விட்ட ஏழு பேரில் நான்கு பேர் பெண்பிள்ளைகள். பின்னேர வகுப்பு முடிந்து வர பஸ் இல்லை. காட்டு ஓரப் பாதையால் தனியே வர வீட்டில் விடவில்லை. வகுப்புக்குப் போகாததால் பாடம் விளங்கவில்லை. விளங்காததால் வெட்கம். வெட்கத்தால் வரவில்லை.

அந்தக் கிழமை அவர்கள் வாசித்தது கலாத்தியர் 6ஆம் அதிகாரம், ஒருவர் மற்றவரின் சுமையைத் தாங்குவது பற்றியது. தீர்மானம்: ஊரில் துருப்பிடித்துக் கிடந்த பழைய சைக்கிள்களைக் கேட்டு வாங்கித் திருத்துவது, பெரிய பெடியள் நாலு பேர் முன்னும் பின்னுமாக வர, எல்லோரும் ஒரே கூட்டமாக ஓடி வருவது. மூன்று சைக்கிள் தேறியது. நான்கு பேரில் மூவர் மீண்டும் பாடசாலைக்குப் போனார்கள். நான்காமவளுக்கு அதற்குள் திருமணம் பேசி முடித்துவிட்டார்கள். அந்தத் தோல்வியையும் அவர்கள் வட்டத்தில் வைத்துப் பேசினார்கள். அழுதவர்களும் உண்டு.

எந்த நிறுவனத்தின் நிதியும் இதற்குத் தேவைப்படவில்லை. இதைவிடப் பெரிய பயன், "எங்களாலை ஒண்டும் ஏலாது" என்ற முகாம் காலத்துச் சொல் அந்த ஊரில் சிறிது குறைந்ததுதான்.

கூத்தும் நடையும் அயலவரும்

கூட்டம் மட்டும் போதாது. பதின்ம வயதின் உடலுக்கும் குரலுக்கும் வேலை வேண்டும். கரப்பந்தாட்டம் வேண்டும், பாடகர் குழு வேண்டும், மடுத் திருவிழாவுக்குக் கால்நடையாகப் போகும் இரவும் வேண்டும். அந்த நடையில் ஒரு பிள்ளை இன்னொரு பிள்ளையின் பையைச் சுமக்கும்போது கற்பதை எமது மறைக்கல்விப் புத்தகத்தால் கற்பிக்க முடியாது.

எமது மண்ணின் கூத்தை மறந்துவிடக் கூடாது. மாதோட்டப் பாங்கு, யாழ்ப்பாணப் பாங்கு என்று இரு பாங்குகளில் விடிய விடியக் கூத்தாடிய ஊர்கள் இவை. 'மூவிராசாக்கள்', 'எண்டிறீக்கு எம்பரதோர்' முதலிய மன்னார் நாடகங்களை 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் அவர்கள் பதிப்பித்திராவிட்டால், இடப்பெயர்வில் ஏடுகளோடு அவையும் அழிந்திருக்கும். கொப்பி அச்சில் இருக்கிறது. ஆனால் இராகம் அண்ணாவிமாரின் தொண்டையில்தான் இருக்கிறது. தவக்காலத்தில் ஒரு பாஸ்கு நாடகமோ, ஒரு சிறு கூத்தோ பழக்கும்போது, முதியவரும் பிள்ளையும் ஒரே பாயில் அமர்கிறார்கள். முகாமில் அறுந்த கயிறு அங்கே மறுபடி முடிச்சுப் போடப்படுகிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இடம்பெயர்ந்தவர்கள் நாம் மட்டும் அல்லர். 1990இல் வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்கள் இருபது ஆண்டுகளின் பின் திரும்பி வந்தபோது, அவர்களுடைய பிள்ளைகளுக்கும் வரம்பு தெரியாது, வாய்க்கால் தெரியாது. காணி எல்லைகளில் சச்சரவுகள் எழுந்தன. பெரியவர்களாகிய எமக்குப் பழைய மனத்தாங்கல்கள் உண்டு. ஆனால் ஒரே பாடசாலையில் படிக்கும் பிள்ளைகள் ஒரே மைதானத்தில் விளையாடவும், ஒரே வாய்க்காலைத் துப்புரவு செய்யவும் தடை என்ன? கத்தோலிக்கப் பிள்ளைகளை மட்டும் கூட்டி வைத்துக் கதவைச் சாத்துவது இயேசுவின் இளையோர் பணியாகாது.

ஊர்ப் பிரச்சினைகளிலும் அவர்கள் பார்க்கப் பழக வேண்டும். மன்னார்த் தீவில் 2020 டிசம்பரில் 'தம்பபவனி' என்ற பெயரில் 30 காற்றாலைகள் திறக்கப்பட்டன. மேலும் காற்றாலைகள் அமைப்பதற்கும் கனிய மணல் அகழ்வுக்கும் எதிராக 2025இல் மக்கள் போராடியபோது இளையோரும் வீதியில் நின்றார்கள். நிற்பது நல்லது. ஆனால் முதலில் பார்த்துவிட்டு நிற்க வேண்டும்: மழைநீர் எங்கே தேங்குகிறது, கிணற்று நீர் மாறியதா, யாருடைய காணி, எந்த அனுமதி? இவற்றைக் கொப்பியில் எழுதிக் கையில் வைத்திருக்கும் பிள்ளையை எந்த அதிகாரியும் எளிதில் தட்டிக்கழிக்க முடியாது.

பெற்றோர் எம்மிடம் கேட்பவை

"படிப்புக் கெடாதோ?" கிழமையில் ஒன்றரை மணித்தியாலம் படிப்பைக் கெடுப்பதில்லை. ஏழு நாளும் தனியார் வகுப்புக்கு ஓடி, ஒரு கேள்வியும் தன் வாயால் கேட்கத் தெரியாத பிள்ளைதான் எமக்குக் கவலை தருகிறது. ஆயினும் பரீட்சைக் காலத்தில் கூட்டத்தை நிறுத்தும்படி நாமே சொல்கிறோம். விதைப்பிலும் அறுவடையிலும் அப்படித்தான்.

"பொம்பிளைப் பிள்ளையை எப்படி அனுப்புறது?" நியாயமான கேள்வி. இதற்குச் சட்டங்கள் வேண்டும். கூட்டம் திறந்த இடத்தில் நடக்கட்டும். இருட்டுமுன் முடியட்டும். குருவோ, துறவியோ, மறையாசிரியரோ எவராயினும் ஒரு பிள்ளையுடன் தனியறையில் இருக்கக் கூடாது. ஊர்த் தாய்மார் இருவர் எப்போதும் கூட இருக்கட்டும். உலகின் பல இடங்களில் திருச்சபையினுள்ளேயே பிள்ளைகளுக்குத் தீங்கு நடந்தது என்பது இன்று யாவரும் அறிந்தது. ஆகவே குருவை நம்புங்கள் என்று மட்டும் நாம் சொல்லமாட்டோம். வந்து பாருங்கள், கேள்வி கேளுங்கள் என்கிறோம்.

"வம்பிலை மாட்டினால்?" இந்தப் பயத்திற்குக் காரணம் உண்டு, அதை நாம் சிறுமைப்படுத்தமாட்டோம். ஆனால் இன்று எமது கரையோரத்தில் பிள்ளைகளைத் தேடி வேறு ஆட்கள் வருகிறார்கள். கஞ்சாவுடனும், 'ஐஸ்' என்னும் போதைப் பொருளுடனும், களவாகப் படகேற்றும் ஆசை வார்த்தையுடனும் வருகிறார்கள். வீட்டுக்குள் தனியே இருக்கும் பிள்ளையைத்தான் அவர்கள் முதலில் கண்டுபிடிக்கிறார்கள். நாலு நண்பர்களுடன் ஒரு பொறுப்பை ஏற்றிருக்கும் பிள்ளையை அசைப்பது கடினம்.

ஒரு படம் வரைந்தார்கள்

முசலிப் பகுதியின் முள்ளிக்குளம் மக்களை நீங்கள் அறிவீர்கள். 2007 செப்டெம்பரில் வெளியேற்றப்பட்டார்கள். போர் முடிந்த பின்பும் அவர்களுடைய ஊரில் கடற்படை முகாமே இருந்தது. மக்கள் மலங்காட்டிலும் காயாக்குழியிலும் கொட்டில் போட்டு வாழ்ந்தார்கள். ஆலயத்தில் வழிபட மட்டும் போய்வர அனுமதிக்கப்பட்ட காலம் நீண்டது. 2017 மார்ச்சில் தொடங்கி ஒரு மாதத்திற்கும் மேல் வீதியோரத்தில் இருந்து போராடிய பின்பே, ஏப்ரல் இறுதியில் 100 ஏக்கரை விடுவிப்பதாக அறிவிக்கப்பட்டது. சொந்த வயலைக் கண்ணால் காணாமலே பதின்ம வயதை எட்டிய பிள்ளைகள் அங்கே இருந்தார்கள்.

இப்படிப்பட்ட குடும்பங்களை மனதில் வைத்தே, எமது இளையோர் குழு ஒன்றிடம் ஒரு வேலையைக் கேட்டோம்: உங்கள் பாட்டன், பாட்டியிடம் போய், பழைய ஊரின் படத்தை வரைந்து வாருங்கள். பிரிஸ்டல் போட்டும் பென்சிலும் கொடுத்தோம். இரண்டு கிழமை என்றோம், மூன்று மாதம் எடுத்தது. ஒவ்வொரு வயல் துண்டுக்கும் ஒரு பெயர் இருந்தது. எந்தப் பக்கம் வாய்க்கால், எல்லையில் எந்த மரம் நின்றது, கிழக்கே யார் காணி, யார் யாருக்குச் சீதனமாக எழுதிக் கொடுத்தார், உறுதி எந்த ஓட்டத்தில் எந்த ஆற்றில் போனது என்றெல்லாம் கிழவர்கள் சொல்லிக்கொண்டே போனார்கள். பிள்ளைகள் எழுதினார்கள். ஒரு பாட்டனார் பென்சிலைப் பிடுங்கித் தாமே கோடு போட்டார். "அப்பப்பா இவ்வளவு கதைச்சதை நான் கேட்டதே இல்லை" என்றான் பேரன்.

அந்தக் கூட்டத்தில் வாசித்தது அரசர்கள் முதல் நூல் 21ஆம் அதிகாரம், நாபோத்தின் திராட்சைத் தோட்டம். அரசன் அதைவிட நல்ல தோட்டம் தருவதாகச் சொல்கிறான், பணமும் தருவதாகச் சொல்கிறான். நாபோத்து மறுக்கிறான். அது அவன் மூதாதையரின் உரிமைச் சொத்து. எமது பிள்ளைகளுக்கு அந்த வாசகத்தை எவரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

ஒரு பிரிஸ்டல் போட் படம் காணி உறுதியாகாது. அதைக் காட்டினால் காணி கிடைத்துவிடும் என்று எவருக்கும் நாம் வாக்குக் கொடுக்கவில்லை. ஆனால் காணி விசாரணைக்குப் பிரதேச செயலகம் போகும்போது எல்லையைச் சொல்லத் தெரிந்த சாட்சி வேண்டும். அந்தச் சாட்சிகளுக்கு இப்போது எழுபதும் எண்பதும் வயது. கல்லறைத் திருநாளுக்குத் திருநாள் அவர்களில் சிலர் குறைகிறார்கள். பிள்ளைகள் கேட்டு எழுதாவிட்டால், அடுத்த தலைமுறையிடம் "உன் காணி எது?" என்று கேட்கும்போது, கையை நீட்டிக் காட்ட ஒருவரும் இருக்கமாட்டார்.

சனிக்கிழமைப் பெரியவருக்கு நாம் சொல்ல வேண்டியிருந்த பதில் இதுதான்: ஐயா, நீங்கள் கையளிக்க முடியாமற் போனதைக் கேட்டு வாங்க உங்கள் பிள்ளைகளைப் பழக்குகிறோம். இதை நாம் தனியே செய்ய முடியாது. விவசாயம் எமக்குத் தெரியாது, உங்களுக்குத்தான் தெரியும். அடுத்த சனிக்கிழமை பிள்ளையை அனுப்புங்கள். மாட்டைக் கட்டிவிட்டு நீங்களும் வந்து வட்டத்தில் இருங்கள்.

கலந்துரையாடலுக்கு

1. உங்கள் பிள்ளைக்கு உங்கள் காணியின் நான்கு எல்லைகளும் தெரியுமா? கடைசியாக எப்போது அவரை அழைத்துச் சென்று காட்டினீர்கள், அல்லது சொல்லிக் கொடுத்தீர்கள்?

2. உங்கள் ஊரில் பாடசாலையை இடையில் விட்ட பிள்ளைகள் எத்தனை பேர்? காரணத்தை அவர்களிடமே கேட்டீர்களா?

3. உங்கள் பங்கில் இளையோர் கூட்டத்தில் பேசுபவர்கள் யார்? கேட்பவர்கள் யார்?

4. அயலிலுள்ள வேற்று மதப் பிள்ளைகளுடன் சேர்ந்து இப்போகத்தில் செய்யக்கூடிய ஒரு வேலை எது? அதற்குப் பொறுப்பேற்பவர் யார்?